கணக்கைக் காட்டு!

கூலி வாங்கும் நாளிலே கணக்குப் பார்க்காமல் கை நீட்டும் தொழிலாளி உண்டா? எத்தனை நாள் வேலை, எத்தனை மணி மிகுதி, பிடித்தம் எவ்வளவு, ஏன் பிடித்தாய் என்று கேட்கிறான். கேட்பது அவன் உரிமை. காட்டுவது முதலாளியின் கடமை. சங்கம் கண்டு, சண்டையிட்டு, சிறைபுகுந்து பெற்ற உரிமை அது!

கூலிச் சீட்டுக்குக் கணக்குக் கேட்கும் நாம், நாட்டு மக்கள் அத்தனை பேருடைய கூலியிலும் கைவைக்கும் கணக்கைக் கேட்கிறோமா? "ஆராய்ச்சி சொல்லுகிறது" என்று ஒருவர் சொன்னதும், அடங்கிப் போகிறோம். அப்படி அடங்க மறுத்த மாணவர் ஒருவர் இருக்கிறார், அமெரிக்க நாட்டிலே. அவர் கதையைக் கேளுங்கள், தோழர்களே!

2010-ஆம் ஆண்டு. கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற பெயர்பெற்ற பொருளாதாரப் பேராசிரியர்கள் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அரசாங்கத்தின் கடன், நாட்டின் ஆண்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால், சராசரி வளர்ச்சி சுழியத்துக்கும் கீழே போய்விடும் என்றனர். வளர்ச்சி அல்ல, 0.1 சதவீதம் தேய்வு!

அவ்வளவுதான்! ஆளவந்தோருக்கு அமுதம் கிடைத்தது போலாயிற்று. பிரிட்டனின் ஜார்ஜ் ஆஸ்போர்ன், நிதியமைச்சராவதற்கு முன்பே மேடையிலே அந்த ஆராய்ச்சியை எடுத்துக்காட்டினார். பதவிக்கு வந்ததும் ஆண்டுக்கு 21,000 பவுனுக்குமேல் வாங்கும் அரசாங்க ஊழியரின் சம்பளத்தை 2 ஆண்டு உறைய வைத்தார். அமெரிக்காவில் பால் ரையன் தமது வரவு செலவுத் திட்டத்துக்கு அதையே சான்றாக வைத்தார். சிக்கனம், சிக்கனம் என்ற முழக்கம்! அந்த ஒரு கட்டுரைதான் அத்தனைக்கும் காரணம் என்று நான் சொல்லவில்லை. வெட்டவேண்டும் என்று நினைத்தவர் கையிலே, தீட்டிய கத்தியாக அது போய்ச் சேர்ந்தது.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்திலே, ஆம்ஹெர்ஸ்ட் நகரில், தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர். வகுப்பிலே தந்த பாடம்: புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எடுத்து, அதன் கணக்கை மீண்டும் போட்டுக் காட்டு. அவர் இந்தக் கட்டுரையை எடுத்தார். போட்டார், விடை வரவில்லை. திரும்பப் போட்டார், அப்போதும் வரவில்லை. மேதைகள் இருவர் பக்கம், மாணவர் ஒருவர் பக்கம். தவறு யாருடையது என்று உலகம் சொல்லும்? அவர் அஞ்சவில்லை. பேராசிரியர்களுக்கே எழுதி, கணக்குப் போட்ட எக்செல் ஏட்டைக் கேட்டார். அவர்களும் அனுப்பினர். அந்தப் பெருந்தன்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஏட்டைத் திறந்தால், 20 நாடுகளுக்குச் சராசரி எடுக்கவேண்டிய சூத்திரம் 15 நாட்டோடு நின்றுவிட்டிருந்தது! ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்தும் கணக்கிலே இல்லை. சில நாடுகளின் சில ஆண்டுகளும் விடுபட்டிருந்தன. பிரிட்டனுக்கு அந்தக் கடன் நிலையில் 19 ஆண்டுகள். நியூசிலாந்துக்கு ஒரே ஆண்டு. இரண்டுக்கும் ஒரே எடை! 19 நாள் உழைத்தவனையும் ஒரு நாள் வந்துபோனவனையும் ஒரே தராசிலே வைத்தால், அது என்ன சராசரி?

இந்த மூன்றையும் திருத்திப் போட்டபோது, தேய்வு மறைந்தது. 2.2 சதவீத வளர்ச்சி என்று விடை வந்தது! தம் ஆசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் இருவரோடு சேர்ந்து ஹெர்ண்டன் 2013 ஏப்ரலில் அதை வெளியிட்டார். சூத்திரப் பிழையைப் பேராசிரியர்கள் ஒப்புக்கொண்டனர். கடன் மிகுந்தால் வளர்ச்சி குறையும் என்ற கருத்து நிற்கிறது என்றும் வாதாடினர். வாதாடட்டும். சரிவு இருக்கலாம், அவர்கள் காட்டிய படுகுழி அங்கே இல்லை.

இதிலே நாம் கற்கவேண்டிய பாடம் என்ன? எக்செல் கட்டத்திலே விடை தெரியும். விடை வந்த வழி கட்டத்துக்குள்ளே ஒளிந்திருக்கும். ஹெர்ண்டன் தம் கணக்கை நிரலாக எழுதினார், வரி வரியாக. எந்த நாட்டைச் சேர்த்தோம், எந்த ஆண்டை விட்டோம், எப்படிப் பெருக்கினோம் என்பதெல்லாம் எழுத்திலே நிற்கும். யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். நிரலிலும் பிழை வரும்; ஆனால் அது படித்துப் பிடிக்கக்கூடிய பிழை.

உயிரியலிலும் இதே கூத்து. செப்ட்2 என்று ஒரு மரபணு. எக்செல் அதைச் செப்டம்பர் 2-ஆம் தேதி என்று மாற்றிவிடும்! எக்செல்லில் மரபணுப் பட்டியல் தந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்திலொன்றில் இத்தகைய பிழை இருந்ததாக 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டனர். அந்த ஆய்வாளர்கள் எப்படிக் கண்டார்கள்? ஆயிரக்கணக்கான ஏடுகளைத் துழாவும் நிரல் எழுதித்தான்! கடைசியிலே, 2020-இல், அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். பொறி மனிதனுக்கு அடங்கவில்லை. மனிதன் பொறிக்கு அடங்கினான்!

"நிரல் எழுதுவது கணிப்பொறிக்காரன் வேலை, நான் விஞ்ஞானி" என்பார் சிலர். நிலத்தை அளப்பவன் சங்கிலி பிடிக்கத் தெரியாது என்று சொல்வதுண்டா? 1998-இல் கிரெக் வில்சன், பிரென்ட் கோர்டா என்ற இருவர் விஞ்ஞானிகளுக்கென்றே ஒரு பயிற்சி தொடங்கினர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? மென்பொருள் தச்சு! மாளிகை கட்டும் பொறியியலைப் பிறகு படி, முதலில் உளியும் இழைப்புளியும் பிடிக்கக் கற்றுக்கொள் என்பது பொருள். உழைக்கும் கையின் பெருமை அறிந்தவர் வைத்த பெயர்! அந்தப் பாடங்கள் இன்று எவருக்கும் இலவசம். ஆர், பைத்தான் ஆகிய நிரல் மொழிகளுக்கும் விலை கிடையாது.

உங்கள் மகள் விலங்கியல் படிக்கிறாளா? தம்பி பொருளியல் படிக்கிறானா? நிரல் எழுதக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். படிப்பகத்திலே ஒரு கணிப்பொறி இருந்தால், மாலையிலே ஒரு மணி நேரம் அதற்கென ஒதுக்குங்கள். வேலை கிடைக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள். நாளை ஒருவர் நம் கூலியை வெட்ட ஒரு சதவீதத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். அப்போது, "ஐயா, கணக்கைக் காட்டு" என்று கேட்கவும், காட்டியதைப் போட்டுப் பார்க்கவும், நம் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து நிற்கவேண்டும்!