பீப்பிலாவையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்



மகள் குடும்பத்தோடு மெக்சிகோவின் குவானாஹுவாட்டோ நகரத்துக்குப் போய் வந்தேன். படங்களைப் பார்த்துவிட்டு "என்ன அழகான ஊர் டீச்சர்!" என்று பலர் எழுதியிருந்தீர்கள். அழகுதான். மலைச்சரிவெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக வீடுகள். முன்பு ஆறு ஓடிய பாதையில் இப்போது தரைக்கடியில் சாலை. 1988-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஊர். ஆனால் அந்த அழகுக்காக உழைத்தவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் திரும்பினால், பாதி ஊரைத்தான் பார்த்ததாக அர்த்தம்.

ஸ்பெயின் ஆட்சியில் அந்த ஊரை வளர்த்தது வெள்ளி. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், உலகிலேயே மிக அதிகமாக வெள்ளி தந்த சுரங்கங்களில் ஒன்று லா வலென்சியானா. அந்தப் பணத்தில் எழுந்த தேவாலயத்தில் பீடங்கள் பொன்னாக மின்னுகின்றன. அருகிலேயே சுரங்கம். உள்ளிருந்து தாதுக் கற்களை மனிதர்கள் முதுகில் சுமந்தே படியேறினார்கள். 1803-ல் அங்கு சென்ற ஜெர்மன் அறிஞர் ஹம்போல்ட் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்.

ஊருக்குள் அல்ஹோந்திகா என்ற பெரிய தானியக் கிடங்கு இருக்கிறது. 1810 செப்டம்பரில் இதால்கோ என்ற பாதிரியார் தலைமையில் விடுதலைப் படை வந்தபோது, அதிகாரிகளும் செல்வந்தர்களும் பணத்தோடு அதற்குள் புகுந்துகொண்டார்கள். பொதுமக்கள் வெளியே. அப்போது பீப்பிலா என்ற சுரங்கத் தொழிலாளி, குண்டு படாமல் இருக்க முதுகில் ஒரு கற்பலகையைக் கட்டிக்கொண்டு போய்க் கதவுக்குத் தீ வைத்தார் என்பது கதை. உள்ளே இருந்தவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். அதை மறைக்கக் கூடாது. மறு ஆண்டு இதால்கோவையும் மூன்று தலைவர்களையும் கொன்று, அவர்கள் தலைகளை அதே கட்டடத்தின் நான்கு மூலைகளிலும் தொங்கவிட்டார்கள். 1821 வரை அவை அங்கேயே இருந்தன. இன்று அது அருங்காட்சியகம்.

பீப்பிலா என்று ஒருவர் உண்மையில் இருந்தாரா என்று ஐயப்படுபவர்களும் உண்டு. ஆனால் கல் சுமந்து பழகிய முதுகுகள் அந்த ஊரில் ஏராளமாக இருந்தன என்பதில் ஐயமில்லை.

குன்றின் மேல் அவருக்குப் பெரிய சிலை வைத்திருக்கிறார்கள். ஊர் முழுவதும் தெரியும் இடம் அதுதான். அதனால் வருபவர்கள் பெரும்பாலும் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று ஊரைப் படம் எடுக்கிறார்கள்.

பிள்ளைகளே, எந்தப் பழைய ஊருக்குப் போனாலும் படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கூடவே உங்கள் குழந்தைகளிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள்: "இதற்குக் கல் சுமந்தது யார்?" பதில் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். வரலாற்றுப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.