முள் தெற்கே காட்டிய காலம்

மாமல்லபுரம் மணலில் காந்தத்தைப் புரட்டி எடுத்தால் கறுப்பாக மீசை முளைக்கும். பள்ளி நாள் விளையாட்டு. அதுபோன்ற இரும்புத் துகள்கள்தான் அத்திரம்பாக்கத்துக் களிமண்ணிலும் சாட்சி சொல்லின. இன்று திருவள்ளூர் மாவட்டம், 1997 வரை செங்கல்பட்டோடு இருந்த ஊர். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகள் கண்ட இடம். தண்ணீரில் படியும் துகள், அன்றைய காந்தப்புலம் காட்டிய பக்கம் திரும்பி அப்படியே உறைந்துவிடும். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் கைக்கோடரி கிடந்த அடுக்குகளை அளந்தபோது திசை தலைகீழ்! கடைசியாகத் துருவம் புரண்டது சுமார் 7.8 லட்சம் ஆண்டுக்கு முன். கருவிகள் அதற்கும் மூத்தவை. வேறு அளவீடுகளையும் சேர்த்து, 10 லட்சத்துக்கும் மேல் என்று 2011-இல் அறிவித்தார்கள். கோடரியைக் கொண்டாடும் நாம் களிமண்ணை மறந்துவிடுகிறோம். துருவம் புரண்டால் உலகமே அழியும் என்று வாட்ஸ்அப்பில் பயமுறுத்துகிறவர்களை, அந்த அகழாய்வுக் குழியின் ஓரத்தில் அரை மணி நேரம் உட்காரவைக்க வேண்டும். அதற்காக எல்லாம் நிதானமாகவே நடக்கும் என்றும் நான் சொல்லவில்லை. புலத்தின் திசை ஆண்டுக்கு 10 டிகிரி வரைகூடத் திரும்பலாம் என்கிறது 2020-இல் வந்த ஒரு கணினி ஆய்வு. அந்த வேகம் அதிகம் எதிர்பார்க்கப்படுவது துருவத்தில் அல்ல. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பக்கத்தில்.