மலிவாக வந்த மோட்டார் சைக்கிள்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை மலிவாக வாங்கித் தம் கையாலேயே திருத்தி ஓட்டவேண்டும் என்னும் ஆசை நமது இளைஞரிடையே இப்பொழுது பெருகி வருகிறது. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது. இடையே 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்னும் அளவில் சீவித்ததையும் நாம் மறக்கவில்லை. புது வண்டியின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறவே, ஓடிய வண்டியின் விலையும் அதன் பின்னால் ஏறியது. ஆகவே கொட்டிலுக்குள் கோழி அடைகாக்கும் வண்டியின் மீதும் இன்று கண் விழுகிறது.

இவ்வாசையை நாம் குறை கூறமாட்டோம். நான்கடிப்பு எஞ்சினின் படத்தை வருடந்தோறும் கரும்பலகையில் வரைந்து வருகின்றோம். பிள்ளைகள் பார்த்து எழுதிப் பரீட்சையில் ஒப்புவிக்கின்றனர். ஒரு தடவை எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய மாணவனுக்கோ அந்தப் படம் வேண்டியதில்லை. ஆனால் எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது என்னும் இரண்டையும் ஆராயாமல் பணத்தை நீட்டுவோர் பலர். விலை குறைவு என்பதொன்றே அவர்களுக்குப் போதுமாயிருக்கிறது.

எதை வாங்குவது? பழைய வண்டி என்றதும் நம்மவருக்குத் தோன்றுவது ஆங்கிலேயரின் வண்டிகளே. அவற்றுள் சிறியது பி.எஸ்.ஏ. பான்ரம். பான்ரம் என்றால் சிறு சாதிச் சேவல். 1948இல் வெளிவந்த இந்த 125 சி.சி. ஈரடிப்பு வண்டியின் பூர்வீகம் இங்கிலாந்தன்று. 1939இல் ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. தொழிற்சாலை வெளியிட்ட ஆர்.ரி. 125 என்னும் வண்டியே அதன் மூலம். யுத்தத்தில் தோற்ற நாட்டிலிருந்து வென்றவர்கள் எடுத்துச் சென்றவற்றுள் அந்த வண்டியின் வரைபடமும் ஒன்று. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சனும் ரஷ்யரும் அதையே பார்த்து வண்டி செய்தனர். 1955இல் ஜப்பானின் யமஹா வெளியிட்ட முதல் வண்டியும் அதன் வழிவந்ததே. ஆங்கிலேயர் மட்டும் தம் வழக்கப்படி கியர் மிதியடி வலப்புறம் வரவேண்டுமென்று எஞ்சினைக் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் இடம் வலமாகத் திருப்பிக்கொண்டனர்.

அந்நாட்டுத் தந்திச் சேவகப் பையன்கள் ஏறித் திரிந்தது இப்பான்ரத்தில்தான். தபாற்காரருக்கு ஏற்ற வண்டியே முதன்முதல் திருத்தப் பழகுபவனுக்கும் ஏற்றது என்பது நம் கருத்து. அது அடிக்கடி நின்று புறப்படவேண்டும். அனுபவமற்ற பையனின் கையிலும் தப்பிப் பிழைக்கவேண்டும். சாதாரண ஆயுதங்களால் கழற்றக்கூடியதாயிருக்கவேண்டும். ஆயினும் பான்ரத்தை இன்று நம்மூரில் வாங்குவோர் உதிரிப்பாகத்துக்குக் கடல் கடந்து எழுதவேண்டும். அந்தச் செலவோடு மலிவு என்னும் பேச்சு முடிந்துவிடும்.

ஆதலால் நாம் ஹொண்டாவையே சொல்வோம். 1958இல் தொடங்கிய சூப்பர் கப் வரிசை 2017ஆம் ஆண்டில் பத்துக் கோடி வண்டி என்னும் எண்ணிக்கையை எட்டியது. சி 50, சி 70, சி 90 எல்லாம் ஒரே குடும்பம். ஜப்பானியத் தபாற்காரருக்கென்றே செய்யப்பட்ட எம்.டி. 90 என்னும் சிவப்பு வண்டியும் அக்குடும்பத்ததே. அங்கே கடிதம் சுமந்து ஓய்ந்தபின் கப்பலேறி வந்து, இங்கே நெல் மூடையும் மீன் பெட்டியும் சுமந்தது. இவ்வண்டிகளைக் கண்டு மிரளாத மெக்கானிக் ஒருவராவது ஊருக்கு ஊர் இருப்பார்.

ஓடாத வண்டியைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. உறுப்புக் குறைந்த வண்டியைக் கண்டே அஞ்சவேண்டும். இறுகிய எஞ்சினை இளக்கலாம். ஆனால் காபரேற்றர் ஒருவர் வீட்டில், பக்க மூடி இன்னொருவர் வீட்டில், விளக்கு எங்கே என்று எவருக்கும் தெரியாது என்னும் நிலையிலுள்ள வண்டி இனாமாக வந்தாலும் நட்டமே. கிக்கரைக் கையால் அழுத்திப் பாருங்கள். எதிர்த்து நின்று மெல்ல இறங்கினால் நல்லது. எதிர்ப்பேயின்றி விழுந்தால் பிஸ்ரன் வளையமோ வால்வோ தேய்ந்திருக்கிறது. அசையவே மறுத்தால் ஏறி நின்று மிதிப்பது மூடத்தனம். பிளக்கைக் கழற்றி, டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து துவாரத்தில் விட்டு, நாட்கணக்கில் பொறுத்திருந்து, பின்னர் காந்தச் சக்கரத்தின் நட்டில் சாவியை மாட்டி மயிரிழை மயிரிழையாக அசைக்கவேண்டும். பெற்றோல் தாங்கியின் உட்புறத் துருவுக்கு நம் வீட்டு வினாகிரியே போதும். ஒருநாள் நிரப்பி வைத்து, ஒருபிடி சிறு நட்டுகளைப் போட்டுக் குலுக்கி ஊற்றிவிட்டு, அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவிக் காயவைக்கலாம். காய்ந்தவுடன் சிறிது எண்ணெய் தடவாவிடில் மறுநாளே துரு திரும்பிவிடும்.

துருவைப் பற்றி வாவிக்கரை மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மேற்கே உவர்நீர் வாவி, கிழக்கே கடல். நடுவிலுள்ள எழுவான்கரை மணற்பிட்டியில் இரும்புக்கு ஆயுள் குறைவு. சக்கரக் கம்பிகள் வெளியே பளபளத்தாலும் வளையத்தைச் சேரும் இடத்தில் அரித்துப் போயிருக்கும். சாவியால் ஒவ்வொன்றையும் மெல்லத் தட்டிக் கேளுங்கள். நல்ல கம்பி கணீரென்று பாடும், கெட்டது முனகும். மீன் பாடும் ஊரில் கம்பியும் பாடுவதில் வியப்பென்ன? 2004 டிசம்பர் 26இல் கடல் நீரில் மூழ்கி எழுந்த வண்டிகளும் உள. சட்டத்தின் குழாய்களுக்குள் புகுந்த உப்பு உள்ளிருந்தே தின்னும்; மேலே பூசிய வர்ணம் அதை மறைக்கும். வடக்கிலிருந்து வந்த பழைய வண்டியாயின், 1990களின் பெற்றோல் தடைக் காலத்தில் அது மண்ணெண்ணெயில் ஓடியதா என்றும் விசாரிக்கவேண்டும். முழுதும் ஆவியாகாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயுடன் கலந்து, சிலிண்டரைத் தேய்த்திருக்கும்.

இவையெல்லாம் இரும்பைப் பற்றியவை. யாரிடம் வாங்குவது என்பது கடிதத்தைப் பற்றியது. அதுதான் நம் பிரதேசத்தில் கடினமான பகுதி. பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் சட்ட இலக்கமும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்கவேண்டும். விற்பவர் பெயரும் புத்தகத்திலுள்ள பெயரும் ஒன்றாயிருக்கவேண்டும். கையொப்பமிட்ட வெற்றுப் படிவம் ஒன்று கைமாறிக் கைமாறி வருவதை நம்பி வாங்குவது தகாது. பழைய இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இருக்கக் காணலாம். 1957, 1958ஆம் ஆண்டுகளில் தமிழ்ப் பகுதிகளில் கிளர்ச்சி எழக் காரணமான எழுத்து அது. இன்று பழம்பொருள் பிரியர் அதற்கென்றே அதிக விலை கொடுக்கின்றனராம்.

நம் மாணவர் ஒருவர் அண்மையில் படுவான்கரைக் கிராமமொன்றில் ஹொண்டா சி 70 ஒன்றைக் கண்டு வந்தார். ஓர் உறுப்பும் குறையவில்லை. சாக்கினால் மூடி உலர்ந்த கொட்டிலில் நிற்கிறது. “மண்முனைப் பாலம் இல்லாத காலத்தில பாதையில ஏத்தி மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் வந்த வண்டியாம் சேர்” என்றார். அப்பாலம் திறக்கப்பட்டது 2014இல். வண்டி நின்றதோ 1990இல். அதற்குரியவர் அவ்வருடம் வீட்டிலிருந்து போனவர், திரும்பவில்லை. தாயார் மட்டுமே இருக்கிறார். “கொண்டு போங்க மனே, கிடந்து மண்ணாப் போகுது” என்று, பழைய இரும்புக்காரன் கொடுக்கும் விலையையே அவர் கேட்டிருக்கிறார்.

இதைவிட மலிவாக யாருக்குக் கிடைக்கும்? ஆனால் பெயர் மாற்ற வேண்டுமாயின் பதிவுப் புத்தகத்தில் உள்ளவர் கையெழுத்திடவேண்டும். அல்லது அவர் இறந்தார் என்ற அத்தாட்சி வேண்டும். மரண அத்தாட்சி எடுக்கும்படி எத்தனையோ பேர் சொல்லியும் அத்தாயார் அதற்கு இசைந்ததில்லை. காணாமற்போனோர்க்கு மரண அத்தாட்சிக்குப் பதிலாக வேறொரு சான்றிதழ் வழங்க 2016இல் சட்டம் செய்யப்பட்டது. அதைப் பெறுவதற்கும் அவரே சென்று விண்ணப்பிக்கவேண்டும். ஒரு மோட்டார் சைக்கிளுக்காக அவ்வாசலில் அவரைக் கொண்டுபோய் நிறுத்துவதா?

“என்ன செய்யிறது சேர்?” என்று மாணவர் கேட்டார். விலை பேசவேண்டாம் என்றோம். கடிதமில்லாத வண்டியைக் களவாகத் தெருவில் ஓட்டுவதும் தகாது என்றோம். அப்படியானால் கைவிடுவதா என்று அவர் கேட்கவில்லை. சற்றுநேரம் சும்மா இருந்துவிட்டுப் போய்விட்டார்.

இப்பொழுது அவர் சனிக்கிழமைதோறும் ஆயுதப் பையுடன் பாலம் கடந்து போகிறார். வண்டி வாங்கப்படவில்லை, உரிய வீட்டிலேயே, உரியவர் பெயரிலேயே நிற்கிறது. கொட்டில் வாசலில் சாக்கு விரித்து வேலை நடக்கிறது. தாங்கி கழுவியாயிற்று. காபரேற்றரைத் திறந்தபோது பெற்றோல் இறுகிப் பச்சை அரக்காகியிருந்ததாம். மெல்லிய செப்புக் கம்பியால் துவாரங்களைத் திறந்திருக்கிறார். சக்கரக் கம்பிகளில் ஆறு முனகுகின்றன. எஞ்சின் இன்னும் இளகவில்லை. பிளக் துவாரத்தில் எண்ணெய் விட்டுப் பதினெட்டு நாளாயிற்று. சனிக்கிழமை தவிர்ந்த ஏனைய நாட்களில், கோழிக்குத் தீனி போட்ட கையோடு, தாயாரே இரண்டு கரண்டி விடுகிறாராம்.