பழைய லேப்டாப்பும் கடைக் கணக்கும்



நம் மண்டிகளிலும் மளிகைக் கடைகளிலும் பத்து, பன்னிரண்டு ஆண்டுப் பழைய லேப்டாப்கள் இன்றும் பில் போட்டுக் கொண்டிருக்கின்றன. ஓடும் வரை ஓட்டுவது சிக்கனம்தான். அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் லேப்டாப் மந்தமானதும், "ஃபேக்டரி ரீஸ்டோர் செய்யுங்கள், வாங்கிய அன்று இருந்தது போல ஆகிவிடும்" என்று யாரோ சொல்வதைக் கேட்டு உடனே விசையை அழுத்துகிறார்களே, அதைத்தான் கண்டிக்கிறோம். ரீஸ்டோர் கடைசி வைத்தியமே தவிர, முதல் வைத்தியம் அல்ல.

ரீஸ்டோர் என்பது என்ன? லேப்டாப் கம்பெனியார் ஹார்டு டிஸ்கில் ஒரு பகுதியை மறைத்து, அதில் விண்டோஸின் நகல் ஒன்றை வைத்து விற்றார்கள். எச்.பி.யில் எஃப்11, ஆசுஸில் எஃப்9, ஏசரில் ஆல்ட்டுடன் எஃப்10 என்று, ஆன் செய்யும்போது அழுத்தினால் அந்த நகல் மீண்டும் பதியும். பதிவதற்கு முன் நம் பற்று வரவு, சரக்கு இருப்பு எல்லாவற்றையும் அழித்துவிடும்.

இது பாதியில் நின்று போவதற்குக் காரணங்கள் உண்டு. இடையில் டிஸ்கை மாற்றியிருந்தால் மறைவுப் பகுதியும் அதோடு போயிருக்கும். விண்டோஸ் 10 ஏற்றியபோது அந்த விசையின் தொடர்பு அறுந்திருக்கலாம். இவற்றைவிட மோசமானது, டிஸ்கே தேய்ந்து பழுதாகியிருப்பது. அசலும் நகலும் ஒரே டிஸ்கில் இருப்பது, மாற்றுச் சாவியை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போலத்தான்.

ஆகவே ஒருமுறை நின்றால் மறுமுறை முயலக் கூடாது. ஒவ்வொரு முயற்சியும் மிச்சமிருக்கும் கணக்கின் மேல் எழுதும். லேப்டாப்பை அணைத்து, டிஸ்கைக் கழற்றி, யு.எஸ்.பி. உறையில் போட்டு, வேறு கம்ப்யூட்டரில் இணைத்து, கணக்கு ஃபோல்டர் இருந்தால் முதலில் அதை நகலெடுக்கச் சொல்ல வேண்டும். டிஸ்கில் டக் டக்கென்று சத்தம் வந்தால் அதையும் நிறுத்திவிட்டு, தகவல் மீட்பதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுக்க வேண்டும். கணக்கு கைக்கு வந்த பிறகே டிஸ்கைச் சோதிக்கலாம். அது கெட்டிருந்தால் புதிய எஸ்.எஸ்.டி. போட்டு, 8 ஜி.பி. பென்டிரைவ் மூலம் விண்டோஸை ஏற்றலாம். மறைவுப் பகுதி இல்லையே என்று கலங்க வேண்டாம்.

ரீஸ்டோர் வெற்றி பெற்றாலும் லாபம் குறைவே. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14-ல் நின்றது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ இத்தனை பழைய இயந்திரங்கள் ஏற்பதில்லை. பழைய நிலைக்குத் திரும்பிய லேப்டாப்பில் பில் போடலாம். வங்கி வேலை பார்ப்பது ஆபத்து.

இது வெறும் இயந்திரச் சங்கதி அல்ல. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். "கம்ப்யூட்டர் அழித்துவிட்டது" என்ற பதில் அதிகாரியிடம் செல்லாது. கடன் வாங்கிய வாடிக்கையாளரிடமும் செல்லாது. சிட்டை இல்லாமல் பாக்கி கேட்டால் பணமும் போகும், உறவும் போகும்.

அந்தக் காலத்தில் கணக்குப்பிள்ளை சிட்டையிலும் எழுதினார், பேரேட்டிலும் ஏற்றினார். ஒன்று தொலைந்தாலும் மற்றொன்று காப்பாற்றியது. அந்த வழக்கத்தைக் கம்ப்யூட்டர் வந்ததும் கைவிட்டது ஏன்? சனிக்கிழமை கல்லா எண்ணி முடித்ததும் இரண்டு பென்டிரைவில் கணக்கை நகலெடுங்கள். ஒன்று கடையில் இருக்கட்டும். மற்றொன்று வீட்டுக்குப் போகட்டும். பத்து நிமிட வேலைதான். நம் சங்கமும் மாதக் கூட்டத்தில் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, இதை உறுப்பினர்களுக்குச் செய்து காட்ட வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

லேப்டாப் போனால் வேறு வாங்கலாம். கணக்கு போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது.