அளவுகோல் யார் கையில்?

தோழா!

ஓர் இனத்தாரின் வாழ்க்கை முறையைச் சொல்கிறேன், கேள். அவர்கள் நாட்டிலே வீட்டுக்கு வீடு ஒரு வழிபாட்டறை உண்டு. செல்வர் இல்லமாயின் பல உண்டு. அறைச் சுவரிலே ஒரு பேழை. பேழைக்குள்ளே மந்திரப் பொடிகள், மாயத் தைலங்கள். மருத்துவப் பூசாரிக்குக் காணிக்கை கொட்டி, எவருக்கும் விளங்காத எழுத்திலே அவர் கிறுக்கித் தரும் ஓலையைப் பெற்று, அதனை இன்னொரு பூசாரியிடம் காட்டி, அங்கும் காணிக்கை கொட்டிக் கொணர்ந்த பண்டங்கள் அவை! நோய் தீர்ந்த பின்னரும் வீசி எறியமாட்டார்கள். எதற்காக வாங்கினோம் என்பதும் மறந்து போகும். எனினும் பேழையிலே அது இருந்தாக வேண்டும், இருந்தால்தான் காப்பு! நாள்தோறும் பேழையின் முன்னே தலை தாழ்த்தி நின்று, கீழேயுள்ள தொட்டியிலே புனித நீர் கலந்து சடங்கு செய்வர். பன்றி மயிர்க் கற்றையொன்றை மந்திரப் பொடியோடு வாய்க்குள் நுழைத்து, முறை பிறழாமல் ஆட்டுவர். ஆடவர் கூரிய கருவி கொண்டு தம் முகத்தைத் தாமே சுரண்டிக் கொள்வர். பெண்டிரோ, திங்களுக்கு நான்கு முறை தலையைச் சிற்றடுப்பிலே வைத்துச் சுட்டுக் கொள்வர்!

காட்டுமிராண்டிகள் என்கிறாயா? பொறு, தோழா, பொறு!

1956ஆம் ஆண்டு, அமெரிக்க மானிடவியலாரின் ஆய்விதழிலே இந்த இனத்தைப் பற்றி எழுதினார் ஹோரஸ் மைனர் என்ற பேராசிரியர். இனத்தின் பெயர் 'நாசிரெமா' என்றார். அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துக்களைப் பின்னிருந்து முன்னாகக் கூட்டிப் படி. அமெரிக்கன்! வழிபாட்டறை என்றாரே, அது குளியலறை. பேழை, மருந்துப் பெட்டி. பன்றி மயிர்க் கற்றை, பல் துலக்கும் தூரிகை. தலையைச் சுடும் அடுப்பு, அழகு நிலையத்திலே கூந்தல் உலர்த்தும் பொறி. அணுகுண்டு செய்தவர்கள், ஆகாயத்தை அளக்கப் புறப்பட்டவர்கள். அவர்களுடைய காலைக் கடன்தான் அது!

நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் சிந்தனை வந்தது. மைனர் ஒரு பொய்யும் புனையவில்லையே! பார்த்ததைத்தானே எழுதினார்? ஆப்பிரிக்கரையும் தீவினரையும் நம்மையும் பற்றி எழுதுவதற்கென்று அவருடைய துறையார் நெடுங்காலம் சேர்த்து வைத்திருந்த சொற்கள் இருக்கின்றனவே, 'சடங்கு', 'மாயம்', 'பூசாரி' என்ற அந்தச் சொற்களைத் தம் வீட்டுக் குளியலறைக்குள் கொண்டு போனார். அவ்வளவே! வீட்டுக்காரனே விருந்தாளியின் கண்ணால் தன் வீட்டைப் பார்த்தான்; பார்த்ததும் அது வேறு வீடாயிற்று.

நம்மைப் பற்றியும் எழுதினார்கள். எழுதினார்கள் என்பதைவிட அளந்தார்கள் என்பதே பொருந்தும். 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், இடுக்கி போன்ற கருவி கொண்டு நம் முன்னோரின் தலையை அளந்தார், மூக்கை அளந்தார். மேனி நிறத்தை ஒத்துப் பார்க்கவும் கண்ணாடித் துண்டுகள் கொண்ட ஒரு கருவி வைத்திருந்தார். ரங்காச்சாரி என்ற உதவியாளரோடு 1909இல் அவர் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளில், இன்று வேறெங்கும் கிட்டாத செய்திகள் ஏராளம்; மறுப்பதற்கில்லை. ஆனால் அதே காலத்திலே, 1901ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கை நடத்திய ரிஸ்லி, மூக்கு அகன்றால் சாதி தாழும், மூக்கு கூர்ந்தால் சாதி உயரும் என்று அந்த அளவையே படிக்கட்டாகக் கட்டினாரே! மூக்கின் அகலத்தைச் சொல்லும் இடுக்கி, அந்த மூக்குக்கு உரியவனைத் தெருவுக்குள்ளே நடக்கவிடாமல் தடுத்தது எது என்று சொல்லுமா?

கருவியின் மீது பழி போடாதே. ஏறத்தாழ அதே ஆண்டுகளிலே, அதே கருவியை அமெரிக்காவில் எடுத்தார் பிரான்ஸ் போவாஸ். யூத இனத்தவர், செருமனியிலிருந்து குடியேறியவர். குடியேறியோரும் அவர்தம் மக்களுமாகச் சுமார் 18,000 பேரை அளந்து, 1911இல் முடிவை வெளியிட்டார். புதிய மண்ணிலே பிறந்த பிள்ளைகளின் தலையமைப்பு பெற்றோரின் தலையமைப்பிலிருந்து சற்றே மாறுகிறது என்றார். மாறாதது, மாற்ற இயலாதது, பிறவியிலேயே எழுதப்பட்டது என்று இனவெறியர் நம்பியிருந்த மண்டை ஓடே மாறுகிறதாம்! பிற்காலத்தார் அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து வழக்காடியதுண்டு, ஆடட்டும். ஒருவன் ஏணி கட்டிய கருவியைக் கொண்டே மற்றொருவன் ஏணியை அசைத்தான் என்பது பொய்யாகிவிடாது.

பிரிட்டனிலே 1937இல் ஒரு கூட்டம் கிளம்பிற்று. பசிபிக் தீவு மக்களிடையே வாழ்ந்து திரும்பிய டாம் ஹாரிசன், கவிஞர் சார்லஸ் மாட்ஜ், திரைப்படக் கலைஞர் அம்ப்ரி ஜென்னிங்ஸ் மூவரும், தீவு மக்களைப் பார்த்தது போதும், நம்மையே பார்ப்போம் என்றனர். அவ்வாண்டு மே 12ஆம் நாள் ஆறாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா. அரசன் என்ன உடுத்தினான் என்பதை ஏடுகள் எழுதின. தெருவிலே நின்றவன் என்ன பேசினான் என்பதை இவர்கள் எழுதினர். போல்டன் என்ற ஆலை நகரத்து மதுக்கடைகளில் அமர்ந்து, தொழிலாளி ஒரு குவளையைக் காலி செய்ய எத்தனை நிமிடம் கொள்கிறான் என்று கடிகாரம் பார்த்துக் குறித்தனர்! ஏழையின் மாலைப்பொழுதும் வரலாறுதான் என்ற எண்ணம், நல்ல எண்ணம். பிறகு நடந்தது என்ன? 1949இல் அந்த அமைப்பு வணிகருக்குச் சந்தை நிலவரம் திரட்டித் தரும் நிறுவனமாக மாறிற்று. குவளை காலியாகும் நேரம் தெரிந்தவனுக்கு, அடுத்த குவளையை விற்கும் வழியும் தெரியுமன்றோ!

ஆகவேதான் கேட்கிறேன், தோழா, அளவுகோல் யார் கையில்? அளப்பவன் எங்கே நிற்கிறான்? ஆந்த்ரே பெத்தேய் என்ற அறிஞர் 1961–62இல் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலே தங்கி, அதற்குச் 'சிறீபுரம்' என்று மறைபெயர் சூட்டி, 1965இல் நூல் வெளியிட்டார். சாதியும் நிலமும் அதிகாரமும் கைமாறும் விதத்தைத் தெளிவாகக் காட்டிய நூல். அவருக்குத் தங்க இடம் கிடைத்ததோ அக்கிரகாரத்தில். அக்கிரகாரத்திலே தங்கியவர் சேரிக்குள் இயல்பாகச் சென்று பழக முடியுமா? முடியவில்லை என்று அவரே நூலில் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். கட்டிலைப் போட்ட இடமே கண்ணுக்கு எல்லை கட்டியது.

இனி நம் கதைக்கு வருகிறேன். பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானிடவியலார் மதுரையில் வாழ்ந்து, தமிழ் பயின்று, திராவிட இயக்க மேடைகளின் முன்னே ஒலிப்பதிவுக் கருவியோடு அமர்ந்தார். அவர் நூல் 2009இல் வந்தது. 2016இல் அவர் மறைந்தார். நாம் மேடையிலே முழங்குகிறோமே செந்தமிழ், அது சங்க காலத்திலிருந்து அறுபடாமல் வந்த நடையன்று, இருபதாம் நூற்றாண்டிலே மேடைக்காகப் புதிதாகச் செய்யப்பட்டது என்றார் அவர். முதலில் எனக்குச் சினம் வந்தது. மேடைதானே என் பிழைப்பு! சிந்தித்ததும் பெருமை வந்தது. செய்தது யார்? நம் இயக்கத்தார் அல்லவா! பழமையைத் தோண்டிப் புதியதோர் ஆயுதம் வடித்தவர்கள் நாம் என்றுதானே பொருள்? ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். தலைவர்களை வாழ்த்தி நாம் அச்சடிக்கும் விளம்பரங்களிலே, அன்று கடவுளையும் காவலனையும் போற்றிய பத்திமொழியே மீண்டும் ஒலிக்கிறது என்றார். அதைப் படித்தபோது பெருமை வரவில்லை.

மைனரின் கண்ணை ஒரு நாழிகை இரவல் வாங்கி, நம் திடலுக்கு வா. ஓர் இனத்தார் மாலையில் கூடுகின்றனர். தங்கள் மூத்தோரின் உருவத்தை மூங்கிலிலே கட்டி, பனையளவு உயரத்துக்கு நிறுத்தியிருக்கின்றனர். மேடையிலே பல இருக்கைகள். ஒன்றின் மேல் மட்டும் வெள்ளைத் துண்டு விரித்திருக்கிறது. அதிலே வேறெவரும் அமர்ந்தால் தீட்டு! மாலை சூட்டுவர்; சூட்டிய நொடியே கழற்றிப் பின்னால் வீசுவர். பொன்னாடை போர்த்துவர்; இன்று இவர் தோளிலே கிடந்த ஆடை நாளை இன்னொருவர் தோளிலே! டிரோபிரியாந்து தீவினர் செந்நிறச் சங்குமாலைகளை ஒரு திசையாகவும், வெண்சங்கு வளைகளை எதிர்த் திசையாகவும் தீவுக்குத் தீவு சுற்றவிட்டனர் என்று 1922இல் மலினோவ்ஸ்கி எழுதியதைப் படித்தவர்கள், நம் பொன்னாடை சுற்றும் வழியை வரைந்து பார்க்கலாம்.

சிரிப்பாய். நானும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன், ஒரு சிற்றூர்க் கூட்டம் வரையில். சுயமரியாதை இயக்கம் 1925இல் தோன்றிய வரலாற்றை ஒரு மணி நேரம் பேசிவிட்டு இறங்குகிறேன். கரவொலி இன்னும் ஓயவில்லை. இருபது வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன், கைத்தறித் துண்டொன்றைப் போர்த்திவிட்டு, சடாரென்று என் காலிலே விழுந்தான். தூக்கினேன், தோழா, தூக்கத்தான் தூக்கினேன். ஆனால் உடனே அல்ல. ஒரு நொடி, ஒரேயொரு நொடி, என் கை நீளவில்லை. அந்த நொடியிலே எனக்கு அது இனித்தது. பண்ணையாரின் காலடியிலே குனிந்து கிடப்பவனை நிமிர வைக்கும் காட்சியை என் நாடகத்திலே எத்தனை ஊர்களில் நடத்தியிருப்பேன்! கைதட்டு வாங்கிய காட்சி அது. அன்று பண்ணையார் வேடம் எனக்கு ஒப்பனையில்லாமலே பொருந்திற்று.

மாற்றார் முகாமிலே இதே காட்சியைக் கண்டு நகைத்து, இந்த ஏட்டிலேயே எழுதியவன் நான். நம் பந்தலிலே நடந்தால் 'அன்பின் மிகுதி' என்றொரு பெயர் வைத்துக்கொள்ள எனக்கு நா எழவில்லை.

எங்கள் மாவட்ட மாநாட்டு வரவேற்புக் குழுவிலே நானும் இருக்கிறேன். சென்ற கூட்டத்தில் ஒரு கருத்தை வைத்தேன். எழுதப் படிக்க நன்கறிந்த இளைஞர் இருவர் கையில் குறிப்பேட்டைக் கொடுப்போம். மேடைக்கு எதிரே வேண்டா, பந்தலின் பின்புறம் அமர்த்துவோம். சமையற்கூடத்தில் எவர் அரிசி களைந்தார், எவர் இலை எடுத்தார், எவருக்கு நாற்காலி வந்தது, எவர் நின்றபடியே மூன்று மணி நேரம் கேட்டார், பெண்கள் எந்தப் பக்கம் ஒதுக்கப்பட்டனர், எவர் எவர் காலில் விழுந்தார், விழுந்தவரைத் தூக்க எத்தனை நொடி ஆயிற்று, அனைத்தையும் குறிக்கட்டும் என்றேன். இருவரில் ஒருத்தியேனும் பெண்ணாக இருக்கட்டும். சேரித் தெருவிலிருந்து வரட்டும் என்றும் சொன்னேன்.

குழுவிலே சற்று அமைதி. பிறகு பெரியவர் ஒருவர், என்னைக் கழகத்துக்கு அழைத்து வந்தவர், மெல்லக் கேட்டார்: "குறித்ததை எங்கேயப்பா வைப்பது?"

"நம் ஏட்டிலே வெளியிடுவோம், ஐயா" என்றேன்.

பந்தல் செலவைப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த கூட்டம் வருகின்ற வியாழக்கிழமை, மறுபடியும் கேட்பேன்.