பெரியப்பா பேசிய பேரம்

சொந்தக் காசில் நான் வாங்கிய கார்கள் இரண்டே இரண்டு. 1991-இல் ஒரு பழைய பிரீமியர் பத்மினி. 2004-இல் ஒரு மாருதி ஆல்டோ. ஆல்டோ இன்னும் வாசலில்தான் நிற்கிறது. அப்படிப்பட்டவனைக் கூட்டிக்கொண்டு போய், ஜெர்மன் கம்பெனி எஸ்யூவி ஒன்றுக்கு விலை பேசச் சொன்னான் என் தம்பி மகன்.

"பெரியப்பா, நீங்க பேங்க்ல 36 வருஷம் லோன் கொடுத்தவரு. பேப்பரை நீங்க பாருங்க. பேரத்தைப் புரோக்கர் பாத்துக்குவாரு" என்றான்.

2025 நவம்பரில் நடந்த விஷயம் இது. இத்தனை மாதம் கழித்து எழுதக் காரணம், அந்தப் பேரத்தைப் பற்றி எனக்கும் அவனுக்கும் இன்னும் கருத்து வேற்றுமை இருக்கிறது. உங்கள் முன்னாலும் வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கார் திருப்பூரில் இருந்தது. ஜனவரியில் வாங்கியது; 9,400 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. உரிமையாளர் பனியன் ஏற்றுமதி செய்பவர், 45 வயதிருக்கும். "ஆன்ரோடு 85 லட்சம் போட்டு எடுத்ததுங்க. 72-க்குத் தர்றேன்" என்றார். பத்து மாதத்தில் 13 லட்சம் குறைவு என்று கேட்டால் நமக்கே பாவமாகத்தான் இருக்கும். ஆனால் பழைய கார் பேரத்தில் முதலில் மறக்க வேண்டியது அவர் கொடுத்த விலையைத்தான். பார்க்க வேண்டியது, அதே கார் இன்று புதிதாக என்ன விலை என்பது.

ஜனவரியில் இந்த ரக வண்டிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம், அதன் மேல் செஸ் 22 சதவீதம், மொத்தம் 50. செப்டம்பர் 22 முதல் செஸ் போய், 40 சதவீதம் மட்டும் என்று ஆனது. அவர் பில்லில் ஷோரூம் விலை 68 லட்சம். 50-ஐ எடுத்துவிட்டு 40 போட்டால் 63 லட்சத்து 50 ஆயிரத்துக்குப் பக்கத்தில் வருகிறது. நம் மாநிலத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். அதுவும் கூடவே குறையும். ஆக, 85 போட்டு எடுத்த கார் இன்று புதிதாகவே 79 லட்சத்துச் சொச்சம். கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டார். எண்ணைக் காட்டினால் குரலை உயர்த்த வேண்டியதில்லை.

அடுத்து நான் விசாரித்தது இரண்டு விலைகளை. இதே மாடல், இதே வயது வண்டியை, பழைய கார் விற்கும் கடையில் நாம் வாங்கினால் என்ன விலை? கோயம்புத்தூரில் 68 சொன்னார்கள். அதே கடைக்கு அவர் கொண்டுபோய் விற்றால் என்ன கிடைக்கும்? 57 என்று அவரிடம் ஏற்கனவே சொல்லியிருக்கிறார்கள். நடுவில் உள்ள 11 லட்சம் கடைக்காரரின் செலவும் லாபமும். நேரடியாக முடித்தால் அந்தப் பதினொன்றை இருவரும் பங்கிட்டுக்கொள்ளலாம். பாதிக்குப் பாதி என்றால் 62 லட்சத்து 50 ஆயிரம். என் மனசில் விழுந்த விலை அதுதான்.

பிறகு வண்டியைப் பார்த்தோம். தெரிந்த மெக்கானிக் ஒருவர் பெயிண்ட் கனம் அளக்கும் கருவி வைத்துச் சுற்றி வந்தார். முன் பம்பர் ஒரு தடவை மாற்றியது. இன்சூரன்ஸ் கிளெய்ம் தாளிலும் அது இருந்தது. பின் டயர் ஒன்றில் பக்கவாட்டில் வெட்டு. சீட் பெல்ட் ஒவ்வொன்றையும் கடைசி வரை இழுத்துப் பார்த்தார். வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருந்தால், வெளியே எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் அடி நுனியில் சேறு காட்டிக்கொடுத்துவிடுமாம். இது சுத்தமாக இருந்தது. டயருக்கும் பம்பருக்குமாக 50 ஆயிரம் தள்ளினால் 62.

இதுவரை எல்லாம் ஒழுங்கான வியாபாரம். கோளாறு தொடங்கியது லோன் ஸ்டேட்மென்ட் வந்தபோது.

ஆர்சியில் வங்கியின் பெயர் இருந்தது. அதனால் பாக்கி எவ்வளவு என்று கணக்குக் கேட்டேன். 47 லட்சத்து 60 ஆயிரம் பாக்கி. அதற்கு மேலே இரண்டு வரிகள் என் கண்ணில் பட்டன. செப்டம்பர் தவணை திரும்பியிருந்தது. அக்டோபர் தவணையும் திரும்பி, அபராதத்தோடு தாமதமாகக் கட்டியிருந்தது. ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்ட பிறகு திருப்பூர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டேட்மென்ட் சொல்லிவிட்டது.

புரோக்கர் என்னைத் தனியே அழைத்துப் போனார். இறக்கித் தரும் தொகையில் அவருக்குப் பங்கு என்று பேச்சு. "சார், ஆளு திணறிட்டு இருக்காருங்க. இன்னும் பத்து நாள் பேசாம இருப்போம். அவரே கூப்பிட்டு 55-க்குக் குடுப்பாரு" என்றார்.

உண்மைதான். கொடுத்திருப்பார். எனக்கும் அது தெரிந்தது. அதனால்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

1971-இல் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பணம் கட்ட மூன்று நாள் கெடு. அப்பா உழவு மாட்டு ஜோடியைப் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டிப் போனார். நானும் கூடப் போனேன். அங்கே விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டைக் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். 950 ரூபாய் பெறும் ஜோடி. முதலில் வந்தவர் 900 வரை வந்தார். அதற்குள் யாரோ எங்கள் கெடுவைத் தரகர் காதில் போட்டுவிட்டார்கள். பிறகு துண்டுக்குள் பிடித்த விரல் ஒவ்வொன்றாகக் குறைந்தது. 700-க்கு விற்றார். மாட்டில் ஒரு குறையும் இல்லை. குறை எங்கள் கெடுவில்தான் இருந்தது. ஊர் வந்து சேரும் வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் தம்பி மகனிடம் சொன்னேன்: "டயர் கிழிஞ்சிருக்குன்னு குறை. ஜிஎஸ்டி இறங்கிருச்சுன்னு குறை. அவருக்குத் தவணை திரும்பிருச்சுன்னு குறைக்காதே. அது காரோட குறை இல்லை."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெரியப்பா, ஏழு லட்சம். என் ரெண்டு பிள்ளைங்களோட மூணு வருஷப் பள்ளிக்கூடப் பணம். நானும் சம்பாதிச்ச காசுதான். அவர் 85 லட்சத்துக்குக் கார் எடுத்தப்ப என்கிட்டக் கேட்டாரா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். சொகுசுக் கார் வைத்திருந்தவர் நஷ்டப்படுவதும், உழவு மாட்டை விற்றவர் நஷ்டப்படுவதும் ஒன்றல்ல. ஆனால் வாழ்நாள் முழுக்க லோன் மேஜையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும். அவர் கைக்கு வருவது கார் விலை அல்ல. வங்கிக்குப் போக மிஞ்சுவதுதான். 62-க்கு விற்றால் 14 லட்சத்து 40 ஆயிரம். 55-க்கு விற்றால் 7 லட்சத்து 40 ஆயிரம். நாம் விலையில் பத்தில் ஒன்றுக்கும் கொஞ்சம் மேல் இறக்கினால், அவர் கைப்பணத்தில் பாதி போய்விடுகிறது. அதில்தான் தையல்காரர்களின் சம்பளமும் இருக்கும்.

அவனுக்குப் புரிகிற மாதிரி வியாபாரக் காரணமும் ஒன்று சொன்னேன். பணம் கொடுத்த அன்றைக்குப் பேரம் முடிந்துவிடுவதில்லை. படிவம் 29, 30-இல் அவர் கையெழுத்து வேண்டும். வங்கிப் பெயரை ஆர்சியிலிருந்து நீக்கப் படிவம் 35 வேண்டும். பெயர் மாற்றும்போது அவர் போனுக்கு ஓடிபி வரும். 14 நாளுக்குள் இன்சூரன்ஸை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவது சாவி, சர்வீஸ் புத்தகம் எல்லாம் அவர் வீட்டில் இருக்கிறது. கழுத்தை நெரித்து வாங்கிய ஆளிடம் நாளைக்குப் போன் போட்டால் எடுப்பாரா? வண்டியில் நமக்குத் தெரியாத கோளாறு இருந்தால் சொல்லுவாரா?

தம்பி மகன் இரண்டு நாள் யோசித்தான். பிறகு 62-க்கே முடித்தான். என் பேச்சுக்காகவா, ஓடிபிக்காகவா என்று நான் கேட்கவில்லை. புரோக்கருக்கு மட்டும் முகம் சுருங்கிவிட்டது.

பணத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. 47 லட்சத்து 60 ஆயிரத்தை அவர் கையில் கொடுக்காமல் நேராக லோன் கணக்குக்கே அனுப்பினோம். வங்கியின் தடையில்லாச் சான்று கைக்கு வந்த பிறகுதான் மீதி ஆர்டிஜிஎஸ்ஸில் போனது. "கொஞ்சம் கேஷா வெச்சுக்கலாமுங்களா" என்று புரோக்கர் கேட்டார். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே சட்டத்தில் இடமில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரக்கம் வேறு, ஏமாளித்தனம் வேறு. ஒருவர் கஷ்டத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக, பேப்பர் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் என்னிடம், "ஐயா, வால்பாறை ரோட்டுல ஒரு தடவை அடியில கல்லு தட்டுச்சுங்க. பாத்தவங்க ஒண்ணுமில்லைன்னாங்க. இருந்தாலும் ஒரு தடவை தூக்கிப் பாத்துக்கோங்க. வாரண்டி இன்னும் இருக்குது" என்றார். முன்னாடியே சொல்லியிருக்க வேண்டியதுதான். பிறகாவது சொன்னார். பார்த்தோம், அடித்தகட்டில் கீறல்தான், வேறொன்றுமில்லை.

தம்பி மகன் இப்போதும் பொங்கல், தீபாவளிக்கு வந்தால் சிரித்துக்கொண்டே சொல்வான்: "பெரியப்பாவைக் கூட்டிட்டுப் போனதுல ஏழு லட்சம் நஷ்டம்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பேரம் பேசுவது தவறே இல்லை. பேசாமல் 72 கொடுத்திருந்தால் அவனைத்தான் திட்டியிருப்பேன். நல்ல விலை என்பதற்கு எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: அந்த விலை எப்படி வந்தது என்பதை விற்றவர் முகத்துக்கு நேராகச் சொல்ல முடிய வேண்டும். 62-க்கு வந்த கணக்கை அவர் முன்னாலேயே தாளில் போட்டோம். 55-க்கு வருவதற்கான காரணத்தைப் புரோக்கர் என்னைத் தனியே அழைத்துப் போய்த்தான் சொல்ல முடிந்தது.