பலமனேருக்குச் சுற்றுலா வந்தால் யாருக்கு லாபம்? உள்ளூர் மக்கள் போடும் கணக்கு

சித்தூர் வழியாக பெங்களூருக்குக் காரில் போயிருக்கிறீர்களா? மொகிலி கணவாயில் ஏறியதும் காற்று கொஞ்சம் குளிர ஆரம்பிக்கும். கொஞ்ச தூரத்தில் பலமனேர் வந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் கலந்து பேசும் எல்லைப் பகுதி. பெரும்பாலானவர்களுக்கு இது டீ குடிக்க நிற்கும் இடம். சுடுமண் பொம்மைகளும் பானைகளும் தெரிந்தவர்கள் ஒன்றிரண்டு வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள்.

இப்போது இந்தப் பகுதியைச் சுற்றுலாக் கண்ணோடு பார்ப்பவர்கள் அதிகரித்திருக்கிறார்கள். குப்பம் சாலையில் கைகல் அருவி இருக்கிறது. 2025 நவம்பரில் பலமனேர் அருகே முசலிமடுகுவில் கும்கி யானைகள் மையத்தை ஆந்திரத் துணை முதல்வர் பவன் கல்யாண் தொடங்கிவைத்தார். சுற்றுலாவுக்குத் தொழில்துறை அந்தஸ்து தரும் 2024-29 கொள்கையை ஆந்திர அரசு ஏற்கெனவே அறிவித்துவிட்டது.

அப்படியென்றால் ஊர் மக்கள் சந்தோஷப்படத்தானே வேண்டும்? அது யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

வண்டி வந்தா வியாபாரம் நடக்கும்தானே?

நடக்கும். நெடுஞ்சாலையோரம் ஓட்டல் வைத்திருப்பவர், லாட்ஜ் நடத்துபவர், ஆட்டோ ஓட்டுபவர், பொம்மை விற்பவர் ஆகியோருக்கு வார இறுதிக் கூட்டம் நேரடி வருமானம்.

ஆனால் காட்டோரக் கிராமத்தில் நிலக்கடலையோ கரும்போ போட்டிருக்கும் விவசாயிக்குக் கணக்கு வேறு. பலமனேரை ஒட்டித்தான் கவுண்டின்யா வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது. 1990-ல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 358 சதுர கிலோமீட்டர். 1980-களில் தமிழ்நாடு, கர்நாடகப் பக்கமிருந்து வந்த யானைகள் இங்கேயே தங்கிவிட்டன. அன்று முதல் பயிர்ச் சேதமும், ராத்திரிக் காவலும், அவ்வப்போது உயிரிழப்பும் இந்தக் கிராமங்களின் வாழ்க்கையில் சேர்ந்துவிட்டன. கர்நாடகம் 2025 மே மாதம் ஆந்திராவுக்குக் கும்கி யானைகளைக் கொடுத்ததும் காட்டு யானைகளை ஊருக்குள் வராமல் திருப்பி விரட்டத்தான். சுற்றுலாப் பயணிகளை மகிழ்விக்க அல்ல.

நஷ்டம் யானைகளுக்கும் இருக்கிறது. 2023 ஜூன் 14 இரவு பலமனேர் அருகே பூதலபண்டாவில் நெடுஞ்சாலையைக் கடந்த மூன்று யானைகள் சரக்கு வாகனம் மோதி இறந்தன. போக்குவரத்து கூடினால் இந்த ஆபத்தும் கூடும். அருவிக்கரையில் சத்தம், உணவு மிச்சம், பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்தால் விலங்குகள் பாதை மாறும். மாறினால் போய் நிற்பது யாரோ ஒருவரின் வயலில்தான்.

இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். வருமானம் வருவது சாலையோரத்தில். செலவு விழுவது காட்டோரத்தில். இரண்டும் ஒரே ஊராக இருக்கலாம், ஆனால் ஆட்கள் வேறு வேறு.

ஊர் மனசு எப்போது மாறும்?

இதைப் பற்றி 1975-ல் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் ஜார்ஜ் டாக்ஸி ஓர் அளவுகோலை முன்வைத்தார். பார்படோஸ் தீவையும் கனடாவின் ஒரு சிறு நகரத்தையும் கவனித்து அவர் சொன்னது இது: முதலில் ஊர் மக்கள் உற்சாகமாக வரவேற்பார்கள். பிறகு ‘வந்தா வரட்டும்’ என்று இருப்பார்கள். அடுத்து எரிச்சல். கடைசியில் வெளிப்படையான எதிர்ப்பு.

பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதில் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார்கள். ஊர் முழுக்க ஒரே மனசாக மாறுவதில்லை. யாருக்கு லாபம், யாருக்குத் தொல்லை என்பதை வைத்து ஒரே தெருவில் இரண்டு கருத்து இருக்கும்.

ஊட்டியில் என்ன நடந்தது?

நெருக்கமான உதாரணம் நீலகிரிதான். வாகன நெரிசலைக் கண்டு சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாக்கியது. உள்ளூர் வாகனங்களுக்கு விலக்கு தரப்பட்டது. 2025-ல் இன்னும் ஒரு படி மேலே போய், கோடை சீசனில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பு வைத்தது.

இதைக் கேட்டு உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்களா? இல்லை. இ-பாஸை ரத்து செய்யக் கோரி 2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரி வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஒரு ஊரின் பிழைப்பே சுற்றுலா என்று ஆகிவிட்ட பிறகு, அதைக் குறைத்தால் முதலில் அடி வாங்குவது சின்னக் கடைக்காரர். நெரிசலில் மாட்டித் திணறுபவரும் பல நேரம் அவரேதான். கட்டுப்பாட்டை ஊர் வளர்ந்த பிறகு கொண்டுவந்தால் வரும் வலி இது.

திருப்பதி சொல்லும் பாடம்

கோயில் நகரத்தின் கதை வேறு மாதிரி. திருமலைக்கு தினமும் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்தர்கள் வருகிறார்கள். திருப்பதியின் பொருளாதாரமே அவர்களை நம்பித்தான். அப்படியிருந்தும் மலையடிவாரத்தில் வாழ்பவர்களுக்கு நெடுநாளாக ஒரு குறை இருந்தது: ‘எங்க ஊர் சாமிய நாங்க பார்க்க முடியல.’ 2024 நவம்பரில் திருமலை திருப்பதி தேவஸ்தானம், ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை உள்ளூர் மக்களுக்குத் தரிசனம் என்று முடிவெடுத்தது. டிசம்பரிலேயே அது நடைமுறைக்கு வந்தது.

இதில் பணம் ஒரு விஷயமே இல்லை. ‘இது எங்க ஊர், எங்களுக்கும் ஒரு இடம் வேணும்’ என்பதுதான் கோரிக்கை. ஊர்வாசிகளின் கணக்கில் வருமானத்தைப் போலவே உரிமையும் ஒரு வரவு.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2024 ஜூலையில் பார்சிலோனாவில் சுற்றுலாப் பயணிகள் மீது தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சினார்கள் போராட்டக்காரர்கள். அவர்கள் கோபத்துக்கு முக்கியக் காரணம் வீட்டு வாடகை. வீடுகள் பயணிகளுக்கான தங்குமிடங்களாக மாறியதால் ஊர்க்காரருக்கே வாடகை கட்டுப்படியாகவில்லை. இப்போது அந்த நகர நிர்வாகம், சுமார் 10 ஆயிரம் சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமங்களை 2028-க்குப் பிறகு நீட்டிப்பதில்லை என்று அறிவித்திருக்கிறது.

அப்போ சுற்றுலாவே வேண்டாமா?

அப்படி இல்லை. திருப்பதி மாவட்டத்திலேயே தலக்கோனா அருவி இருக்கிறது. அங்கே வனத்துறையுடன் சேர்ந்து சூழல் சுற்றுலாவை நடத்துவதில் உள்ளூர் மக்களின் வனப் பாதுகாப்புச் சமிதிக்குப் பங்கு தரப்பட்டது. காட்டைக் காப்பவருக்கே காட்டிலிருந்து வருமானம் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் அடிப்படை. குறைகள் இருக்கலாம். ஆனால் செலவைச் சுமப்பவரையும் வருமானம் பெறுபவரையும் ஒரே ஆளாக்க முயலும் வழி அது.

சட்டத்திலும் ஒரு பிடி இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி, தேசிய வனவிலங்கு வாரியத்தின் முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் வணிக விடுதி கட்ட முடியாது. ஆனால் அந்த விதி சரணாலயத்துக்குள் மட்டும்தான். எல்லைக்கு வெளியே இருக்கும் பட்டா நிலத்தில் ரிசார்ட் வந்தால் அந்த விதி தடுக்காது. நிலத்தின் விலை ஏறினால் விற்பவருக்கு லாபம். பக்கத்து வயல்காரருக்கு வெளிச்சமும் சத்தமும், வழி மாறி வரும் யானையும்.

பலமனேர் இன்னும் ஊட்டி ஆகவில்லை. அதுதான் அதன் பலம். கூட்டம் வந்த பிறகு உச்சவரம்பு பேசுவதைவிட, வருவதற்கு முன்பே கிராம சபையில் சில கேள்விகளைக் கேட்பது சுலபம். அருவியில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி? நுழைவுக் கட்டணத்தில் காட்டோரக் கிராமத்துக்கு எவ்வளவு? குப்பையை அள்ளுவது யார்? யானை இறங்கும் மாதங்களில் அருவியை மூடுவீர்களா? வேலைக்கு எடுப்பது உள்ளூர்ப் பசங்களையா, வெளியாட்களையா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால், அடுத்த முறை நீங்கள் கைகல் பக்கம் வண்டியைத் திருப்பும்போது வழி காட்டுபவர் சிரித்துக்கொண்டே காட்டுவார்.